கர்னல் பதில்கள்: பத்தொன்பது ராவத்துகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்

பழைய வட ஆற்காடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1989-இல் சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து கர்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து, 2019-இல் கர்னலாக ஓய்வுபெற்றார். வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார். பெயர் வேண்டாம், ‘கர்னல்’ போதும் என்பது அவர் விருப்பம்.

தமிழ் வழியில் படித்தவன் நான். ஆங்கிலம் சரளமாக வராது. ராணுவ அதிகாரி ஆக முடியுமா? நீங்கள் எப்படி ஆனீர்கள்?
— கல்லூரி மாணவர், தேனி

முடியும், தம்பி. நானும் தமிழ் வழியில் படித்தவன்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர் என்பதால் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். என் அப்பாவும் மதராஸ் சாப்பர்ஸில் நாயக்காக இருந்து ஓய்வுபெற்றவர். பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை. ஆனால் எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் சிப்பாயாகத்தான் போனார்கள். அதிகாரியாகச் சேர ஒரு தேர்வு இருக்கிறது என்பதையே கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். அப்பாவிடம் சொன்னபோது, “அது பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப்பா” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த அதிகாரிகள் அப்படிப்பட்டவர்கள்.

வழியைச் சொல்கிறேன். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை, பட்டதாரிகளைப் படை அதிகாரிகளாகச் சேர்க்க, சி.டி.எஸ். தேர்வு நடத்துகிறது. சென்னை அகாடமிக்கு மட்டும் விண்ணப்பித்தால் கணிதத் தாள் கிடையாது. ஆங்கிலமும் பொது அறிவும் போதும். என்.சி.சி.யில் ‘சி’ சான்றிதழ் நல்ல தரத்தில் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. என்னும் நேர்முகத் தேர்வு வாரியத்துக்கு அழைப்பு வரும். உன்னிடம் அது இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. இருந்தால் அதை விட்டுவிடாதே.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். மார்பில் ஓர் எண்ணைக் கட்டிவிடுவார்கள். அந்த ஐந்து நாளும் அதுதான் உன் பெயர். படம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். அறுபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து விநாடி, மனத்தில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். குழுவாகக் கயிறும் பலகையும் வைத்துத் தடை தாண்ட வேண்டும். நான் பெங்களூருக்கு முதல் முறை போனபோது மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களோடு போனேன். ஐந்தாம் நாள் தேர்வானவர்களின் எண்களை வாசித்தார்கள். என் எண் வரவில்லை. இரவு ரயிலில் காட்பாடியில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போக மனமில்லாமல் விடியும்வரை நடைமேடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த முறை மனப்பாடத்தை விட்டுவிட்டேன். கதை எழுதும் தேர்வில் கடைசிப் படம் வெறும் வெள்ளைத் தாளாக இருக்கும். நாமே ஒரு படத்தை எண்ணிக் கதை எழுத வேண்டும். எங்கள் ஊர் ஏரிக்கரை மழையில் உடைந்த இரவு, அப்பா ஊர் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து மண்மூட்டை கைமாற்றியதை எழுதினேன். இலக்கணப் பிழை நிறைய இருந்திருக்கும். ஆனால் அதில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. தேர்வாகிவிட்டேன். அதனால் ஆங்கிலச் செய்தித்தாளை தினமும் உரக்க வாசி, நண்பர்களோடு பேசிப் பழகு. ஆனால் பிறர் கதையைச் சுமந்துகொண்டு போகாதே.

பயிற்சி இப்போது 49 வாரம். பரங்கிமலையில் அந்த வளாகத்தின் அணிவகுப்புத் திடலுக்கு மேஜர் பரமேஸ்வரனின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1972-இல் அதே இடத்திலிருந்து அதிகாரியாகப் புறப்பட்டவர். 1987 நவம்பர் 25-ஆம் தேதி இலங்கையில் வீழ்ந்து பரம்வீர் சக்ரா பெற்றவர். நாங்கள் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அந்தச் செய்தி இன்னும் ஆறாத புண்ணாக இருந்தது.

இந்தி தெரியாமல் வடநாட்டு வீரர்களுக்கு எப்படித் தலைமை தாங்கினீர்கள்?
— பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

பஞ்சாபில் இருந்த பட்டாலியனில் போய் இறங்கியபோது எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் அணிவகுப்புக் கட்டளைகள் மட்டும்தான்: சாவ்தான், விஷ்ராம், தஹினே முட். புதிதாக வரும் இளம் அதிகாரியை முதல் சில வாரங்கள் வீரர்களோடு பாரக்ஸில் தங்கவைப்பது வழக்கம். அவர்களோடு காவல் நிற்க வேண்டும், லங்கரில், அதாவது படைச் சமையற்கூடத்தில், அவர்கள் வரிசையில் நின்று தட்டு ஏந்த வேண்டும். மொழியை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

என்னைக் காப்பாற்றியது கேழ்வரகு. இன்றைய உத்தரகண்டின் கர்வால் மலைக்காரர்கள் மண்டுவா என்னும் தானியத்தில் ஒரு கறுப்பு ரொட்டி சுட்டுச் சாப்பிடுவார்கள். விடுப்பிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாவில் சுட்டுக் கொடுத்தார். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, இது எங்கள் கேழ்வரகு. களி கிண்டித் தின்று வளர்ந்தவன் நான் என்று கையாலேயே கிண்டிக் காட்டினேன். அன்று இரவு முழுக்க பாரக்ஸில் அதே பேச்சு. மதராஸி சாப் மண்டுவா சாப்பிடுகிறாராம்!

இன்னொன்றும் இருந்தது. கர்வாலியில் தம்பியை ‘புல்லா’ என்பார்கள். அந்தப் படைப்பிரிவில் வீரர்களை அப்படித்தான் அன்போடு அழைப்பார்கள். அப்பா இருந்த மதராஸ் சாப்பர்ஸில் வீரர்களுக்குத் ‘தம்பி’ என்றே பெயர். ஊருக்குக் கடிதம் எழுதும்போது அப்பாவுக்கு இதை எழுதினேன். “அப்படியானால் நீ சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறாய்” என்று பதில் வந்தது.

சிக்கல் பெயரில் இருந்தது. கர்வாலில் ராவத், நேகி, பிஷ்ட், பண்டாரி என்று சில குடும்பப் பெயர்கள்தாம் திரும்பத் திரும்ப வரும். கம்பெனி என்பது பட்டாலியனின் ஒரு பிரிவு. என் கம்பெனியில் மட்டும் பத்தொன்பது ராவத்துகள். அதனால் படை எண்ணின் கடைசி இலக்கங்களைச் சொல்லித்தான் ஆளை அழைப்போம். வந்த மூன்றாம் மாதம், ஒரு ராவத்திடம் “அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா?” என்று கேட்டேன். அவன் சற்று நேரம் நின்றுவிட்டு, “சாப், என் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது” என்றான். கண் சிகிச்சை வேறொரு ராவத்தின் அம்மாவுக்கு.

அன்று மாலை கடைவீதிக்குப் போய் ஒரு நோட்டு வாங்கினேன். பக்கத்துக்கு ஓர் ஆள். படை எண், பெயர், ஊர், பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை மைல் நடை, அப்பா அம்மா இருக்கிறார்களா, மனைவி பெயர், பிள்ளைகள், கடன் உண்டா, கடைசியாக விடுப்பில் போனது எப்போது. முப்பது ஆண்டில் பதினோரு நோட்டுகள் ஆயின. இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஓர் அதிகாரியின் வேலை என்னவென்று யார் கேட்டாலும் அவற்றைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பிறகும் பதவிப் பெயரை எழுதிக்கொள்ளலாமா?
— வங்கி ஊழியர், மதுரை

எழுதலாம். பெயருக்குப் பின்னால் ‘ஓய்வு’ என்று சேர்க்க வேண்டும். அதை விடுவது தவறு.

சியாச்சினில் இருந்திருக்கிறீர்களா? அங்கே உண்மையில் எது மிகக் கடினம்?
— தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

2001-இல் இருந்தேன். 1984 ஏப்ரல் 13 அன்று மேகதூத் நடவடிக்கையில் நம் படை அங்கே ஏறியது. அன்று முதல் அங்கிருந்து இறங்கவில்லை. 2003 நவம்பரில் சண்டை நிறுத்தம் வந்தது. நான் இருந்தபோது எதிரியின் பீரங்கியும் இருந்தது. ஆனால் அங்கே எதிரியின் குண்டைவிடக் குளிரும் உயரமும்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன.

முதலில் உடம்பைப் பழக்குவார்கள். ஒவ்வோர் உயரத்திலும் ஆறு நாள், நான்கு நாள், மறுபடி நான்கு நாள் என்று தங்கவைத்துத்தான் மேலே ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பிறகு பனிப்பிளவில் விழாமலிருக்க ஒரே கயிற்றில் எல்லாரும் கட்டிக்கொண்டு நடை. மேலே காவல்நிலையில் ஏறத்தாழ 90 நாள். துப்பாக்கி உலோகத்தை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். முட்டை கல்லாகிவிடும். மண்ணெண்ணெய் அடுப்புதான் வெளிச்சம், வெப்பம், குடிநீர் எல்லாம். பனியை உருக்கினால்தான் தண்ணீர். அந்தப் புகைக்கரி மூக்கிலும் எச்சிலிலும் வரும். பசி செத்துவிடும். டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருப்போம்.

எது மிகக் கடினம் என்று கேட்டீர்கள். ஆட்கள் நோயை மறைப்பதுதான். இருமல் வந்தால் கீழே அனுப்பிவிடுவார்கள், தன் காவல் நேரம் இன்னொருவன் தலையில் விழும் என்று வாயைப் போர்வையால் பொத்திக்கொண்டு இருமுவார்கள். அந்த இருமல் ஓரிரவில் உயிரை எடுக்கக்கூடியது. அதனால் ஒவ்வோர் இரவும் ஒவ்வொருவனின் காலுறையையும் கழற்றச் சொல்லி விரல்களைக் கையால் தொட்டுப் பார்ப்பேன். வெளுத்திருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று. கால் பார்க்கும் சாக்கில் மூச்சின் ஓசையையும் கேட்டுவிடலாம். கம்பெனிக் கமாண்டர் கால் பிடிக்கிறாரே என்று முதலில் கூச்சப்பட்டவர்கள், இரண்டாம் வாரத்திலிருந்து தாமாகவே காலை நீட்டினார்கள். அந்த முறை போன எல்லாரோடும் கீழே இறங்கினேன். ஒருவனுக்கு மட்டும் இடது காலில் இரண்டு விரல்கள் போயின. அந்த இரண்டு விரல்கள் இன்றும் என் கணக்கில் இருக்கின்றன.

‘ஜஸ்வந்த் கட்’ என்ற நினைவிடத்தில், இறந்துபோன வீரருக்கு இன்றும் படுக்கை விரித்துத் தேநீர் வைக்கிறார்களாமே, உண்மையா?
— வாசகர், நாகர்கோவில்

உண்மை. அவர் எங்கள் கர்வால் ரைபிள்ஸைச் சேர்ந்த ஜஸ்வந்த் சிங் ராவத். 1962 நவம்பரில், இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் நூரானாங்கில் சீனப் படையை எதிர்த்து நின்று இறந்தார். மகாவீர் சக்ரா பெற்றவர். சேலா கணவாயைத் தாண்டித் தவாங் போகும் வழியில் அவர் நினைவிடம் இருக்கிறது. அவ்வழியே போகும் எந்தப் படைப்பிரிவின் வண்டியும் அங்கே நின்றுவிட்டுத்தான் போகும். மூட நம்பிக்கையா என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இறந்தவனுக்கும் ஒருவன் தேநீர் ஊற்றுகிறான் என்பதைப் பார்த்த வீரனுக்கு, தன்னை மறக்கமாட்டார்கள் என்று தெரியும்.

கார்கில் போரில் பங்கேற்றீர்களா?
— பத்தாம் வகுப்பு மாணவன், திருச்சி

இல்லை, கண்ணா. 1999-இல் நான் மத்தியப் பிரதேசத்தில், மௌ நகரிலுள்ள காலாட்படைப் பள்ளியில் பயிற்றுநராக இருந்தேன். எங்கள் படைப்பிரிவின் பட்டாலியன்கள் திராஸிலும் பட்டாலிக்கிலும் மலை ஏறிப் போரிட்டன. எனக்கு மாற்றல் கேட்டு இரண்டு முறை எழுதினேன், கிடைக்கவில்லை. காலையில் செய்தித்தாளில் வரும் பெயர்ப் பட்டியலைப் பழைய நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ராவத், நேகி, ராவத், பிஷ்ட். யார் என்று அந்தப் பெயர்களை வைத்துச் சொல்ல முடியாது. எண் இருந்தால்தான் தெரியும். எண்ணைச் செய்தித்தாள் போடாது.

உன் ஊர்க்காரர் மேஜர் சரவணன், பீகார் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர், அந்தப் போரில் பட்டாலிக்கில் இறந்தார். வீர் சக்ரா பெற்றவர். திருச்சியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வா.

ஒரு வீரர் இறந்தால் அவர் வீட்டாருக்கு யார் சொல்வது? அதிகாரிகள் இதை எப்படித் தாங்கிக்கொள்கிறீர்கள்?
— செவிலியர், சேலம்

உங்கள் தொழிலிலும் இது உண்டு என்பதால் முழுதாகச் சொல்கிறேன்.

1996, காஷ்மீரின் குப்வாரா. இரவுப் பதுங்கலில் என் கம்பெனியில் ஒருவன் இறந்தான். வயது இருபத்து மூன்று. கடைசி இலக்கங்கள் நாற்பத்தேழு. நானும் அங்கிருந்தேன், முப்பது அடி தள்ளி. அந்தக் காலத்தில் பெரும்பாலும் அங்கேயே தகனம் செய்து அஸ்தியைத்தான் வீட்டுக்கு அனுப்புவோம். உடலையே ஊருக்குக் கொண்டுபோகும் வழக்கம் கார்கிலுக்குப் பிறகுதான் பரவலாயிற்று. வீட்டுக்குத் தந்தி போய்விட்டது. அஸ்திக் கலசத்தோடு நானே போகிறேன் என்று கேட்டு அனுமதி வாங்கினேன். எங்கள் சுபேதார் சாகிபும் உடன் வந்தார்.

கோட்துவாரில் ரயிலை விட்டு இறங்கி, ஜீப் போகும்வரை போய், அதற்கு மேல் நடை. நோட்டில் நான்கு மைல் என்று எழுதியிருந்தேன், சரியாக இருந்தது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று இந்தியில் வாக்கியம் கூட்டிக்கொண்டே ஏறினேன். வீரமரணம், நாட்டுக்காக, பட்டாலியனுக்கே பெருமை என்றெல்லாம். வாசலில் அவன் அப்பா நின்றிருந்தார். என் இரு கைகளையும் பிடித்துத் திண்ணையில் உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அன்று அவன் சாப்பிட்டானா?”

எனக்குத் தெரியவில்லை. அவன் பிறந்த தேதி தெரியும், தங்கையின் கல்யாணத்துக்கு அவன் வாங்கிய கடன் எவ்வளவு என்று தெரியும். அன்று சாப்பிட்டானா என்று தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு எழவில்லை. சுபேதார் சாகிப்தான் சொன்னார்: “சாப்பிட்டான், அண்ணா. ராஜ்மாவும் சோறும். இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டான். நான்தான் பரிமாறினேன்.” பெரியவர் தலையை ஆட்டினார். உள்ளே போய், வீட்டுப் பெண்களிடம் அதைச் சொன்னார். அதன் பிறகுதான் உள்ளிருந்து அழுகை கேட்டது.

இறங்கும் வழியில் சுபேதார் சாகிபிடம், “நிஜமாகவே நீங்கள்தான் பரிமாறினீர்களா?” என்று கேட்டேன். “ஆமாம் சாப். வெளியே போகும் ஒவ்வோர் இரவும் லங்கரில் நின்று பார்ப்பேன். யார் சாப்பிடாமல் போகிறான் என்று ஒருவன் பார்க்க வேண்டும் அல்லவா?” என்றார். இருபத்தாறு வருடச் சேவை அவருக்கு. அதற்குப் பிறகு நானும் லங்கரில் நின்றேன். பட்டாலியனுக்கே தலைமை ஏற்ற பிறகும் நின்றேன்.

எப்படித் தாங்குகிறீர்கள் என்றா கேட்டீர்கள், சகோதரி? அந்தப் பெரியவர் இறக்கும்வரை ஆண்டுக்கொரு முறை அவருக்குக் கடிதம் எழுதினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் ஏன் பிரிகேடியர் ஆகவில்லை?
— வாசகர், கோவை

தேர்வுக் குழு என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. மேலே போகப் போக இடங்கள் குறைவு, கூம்பு அப்படித்தான். பிரிகேடியர் என்றால் 56 வயதுவரை இருக்கலாம், கர்னலுக்கு 54. எனக்கு வருத்தம் இருந்தது, ஒரு வருடம் போல. என்னோடு தேர்வுக்கு வந்து பிரிகேடியர் ஆனவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் அதற்குத் தகுதியானவர்.

என் மகள் ராணுவத்தில் சேர விரும்புகிறாள். பயமாக இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?
— இல்லத்தரசி, திண்டுக்கல்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அம்மா. ஆனால் தடுக்காதீர்கள். சென்னை அகாடமியில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2022 முதல் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும் பெண்கள் சேர்கிறார்கள். காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் திறக்கவில்லை. என் கீழ் நேரடியாகப் பெண் அதிகாரிகள் இருந்ததில்லை. ஆனால் பனிச்சரிவில் சிக்கிய எங்கள் ஆட்களுக்கு ஒருமுறை சிக்னல் தொடர்பை இரவு முழுக்க அறுபடாமல் காத்தவர் ஓர் இளம் பெண் கேப்டன். உங்கள் மகள் ஓடட்டும். நாளைக் காலையிலிருந்தே ஓடட்டும். முழங்கால் பழகப் பல மாதங்கள் ஆகும்.

உங்கள் மனைவியிடம் ஒரு கேள்வி: இந்த வாழ்க்கையில் அவர்களுக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை?
— வாசகி, காஞ்சிபுரம்

கேட்டேன். பதினேழு வீடு மாறியது பிடிக்கவில்லை என்றார். கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் என் பெயரையும் பட்டாலியனையும் வெள்ளை எழுத்தில் எழுதியிருப்போம். ஒவ்வொரு மாற்றலிலும் பழைய ஊரை அழித்துப் புது ஊரை எழுதுவது அவர் வேலை. மகள் ஒன்பது பள்ளிக்கூடங்களில் படித்தாள். பிடித்தது, 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சல் முகவரிக்கு எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்கள் என்றார். பிறகு அவராகவே ஒன்று சொன்னார். நான் வெளியே இருந்த ஆண்டுகளில், குடியிருப்பில் வீரர்களின் மனைவிமார்கள் இரவில் அழைப்பு மணி அடித்தால் இவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளுமாம். இன்றும் ஒன்பது மணிக்கு மேல் மணி அடித்தால் நான்தான் போய்க் கதவைத் திறக்கிறேன். இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார்.

என் மகன் அக்னிவீரர் ஆகத் தேர்வாகியிருக்கிறான். நான்கு வருடம் கழித்து அவன் கதி என்ன?
— ஒரு தாய், சிவகங்கை

தேர்வானதற்கு முதலில் வாழ்த்து. ஓடி, மருத்துவச் சோதனை தாண்டி வருவது எளிதல்ல.

நீங்கள் தெரிந்திருக்க வேண்டியது: பணி நான்கு ஆண்டு. முடிவில் அதிகபட்சம் நான்கில் ஒருவரைத்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. சம்பளத்தில் மாதம் 30 சதவீதத்தைப் பிடித்து, அதே அளவு அரசும் போட்டு, கடைசியில் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியாகத் தருவார்கள். அதற்கு வரி இல்லை. பணிக்காலத்தில் 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு.

இந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மறைத்து எழுத மாட்டேன். ஒருவனைப் படைவீரனாக ஆக்க எனக்குத் தெரிந்து நான்கு ஆண்டு பிடிக்கும். பட்டாலியனைத் தன் வீடு என்று அவன் உணரும் நேரத்தில் நால்வரில் மூவரை அனுப்பிவிடுகிறோம். இதை என்னைவிடப் பெரியவர்கள் யோசிக்கட்டும். உங்கள் மகனுக்கு நான் சொல்வது வேறு. ஓட்டுநர் உரிமம், கணினி, மேற்படிப்பு என்று ஆண்டுக்கொரு சான்றிதழ் சேர்த்துக்கொண்டே வரட்டும். சேவா நிதியில் வண்டி வாங்க வேண்டாம். அவனுடைய கம்பெனிக் கமாண்டரிடம் முதல் மாதத்திலேயே குடும்ப நிலையைச் சொல்லிவிடட்டும். கேட்கும் அதிகாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் கணவர் ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். எட்டு மாதங்களுக்கு முன் காலமானார். குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. ஆவணத்தில் என் பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள். நான்கு முறை அலைந்துவிட்டேன். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

அம்மா, இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் முதலில் பதில் எழுதியது உங்களுக்குத்தான். அச்சில் கடைசியாக வருகிறது.

என் அம்மாவுக்கும் இதேதான் நடந்தது. அப்பா படையில் சேர்ந்த புதிதில், மனைவியின் பெயர் என்ன என்று கேட்டபோது வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிவிட்டார். அதுவே பதிவாகிவிட்டது. ரேஷன் அட்டையில் வேறு பெயர், வாக்காளர் அட்டையில் இன்னொரு எழுத்து. அப்பா இறந்தபோது நான் எல்லையில் இருந்தேன். ஆயிரம் வீரர்களின் மனைவி பெயரையும் நோட்டில் சரியாக எழுதிவைத்திருந்த நான், என் அம்மாவின் பெயர் அப்பாவின் ஆவணத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. பதினான்கு மாதங்கள் அம்மா ஓய்வூதியமில்லாமல் இருந்தார். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று அதை எனக்கு எழுதவும் இல்லை.

நம் தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் முதல் எழுத்து, பின் கணவரின் முதல் எழுத்து. வடக்கே உட்கார்ந்து கணினியில் ஒப்பிடுகிறவருக்கு அவை இரண்டு வேறு பெண்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணவரின் ஓய்வூதிய ஆணையையும் பணிவிடுப்புப் புத்தகத்தையும் (டிஸ்சார்ஜ் புக்) தேடி எடுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கும். அவற்றில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கின்றன என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆதாரில் உள்ள பெயரும் அந்தப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுங்கள். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்று, ஆதார், பான், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, இருவரும் இருக்கும் புகைப்படம். இவற்றோடு உங்கள் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் மேலொப்பமிட்டு, கணவரின் படைப்பிரிவு ஆவண அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து பெயர் திருத்திய புதிய ஆணை வரும். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள், பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கணவர் இறந்த பிறகும் அவர் கணக்கில் ஓய்வூதியம் விழுந்திருந்தால் எடுக்காதீர்கள், திரும்பப் பிடிப்பார்கள். பயப்படவும் வேண்டாம். அவர் இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவை முழுவதையும் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். இது யாரும் செய்யும் உதவி இல்லை. அவர் பணியாற்றி ஈட்டியது. கவுன்ட்டரில் நிற்கும்போது அதை நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆறு ஆண்டுகளுக்கு மேலாக என் காலை நேரம் இந்த வேலையில்தான் போகிறது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வருவார்கள், கர்வாலிலிருந்து தொலைபேசியில் அழைப்பார்கள். உங்களுக்கான விண்ணப்பத்தை நானே எழுதி அனுப்புகிறேன். நீங்கள் கையெழுத்திட்டால் போதும். கடிதத்தில் கணவரின் பெயரும் படைப்பிரிவும் இருக்கின்றன. படை எண்ணை மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள். அதை ஆசிரியர் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதுங்கள். பன்னிரண்டாவது நோட்டில் உங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.